மணிக்கு எட்டு சதவீதம்

அத்தியாயம் – 6

"பூட்டியிருக்குதுங்க மேடம். தொறக்கற நம்பர் எங்க ஊட்ல ஒருத்தருக்கும் தெரியாது." ரமேஷ்குமார் அந்தப் போனை என் மேசையில் வைத்தார். "ஆனா அவ என்னைக்காவது இந்த நம்பருக்கு அடிச்சுப் பார்ப்பா. அப்ப நீங்க எடுத்துப் பேசுங்க. எங்க குரலைக் கேட்டா வெச்சிருவா."

போன் மிக மெலிதாக இருந்தது. பின்பக்கம் மூன்று கேமராக் கண்கள். திரையைத் தட்டினேன். மணி 8.30. சார்ஜ் 76. இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கைக்கு வரும் எந்தப் பொருளானாலும் வந்த நேரத்தையும் வந்த நிலையையும் முதலில் எழுது என்று துப்பறியும் தொழிலுக்கான மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மற்றதெல்லாம் எனக்குச் சரியாக வருமோ வராதோ என்ற பயத்தில் இதையாவது ஒழுங்காகச் செய்வேன்.

காணாமல் போனவள் மோனிஷா. வயது இருபத்தைந்து. ரமேஷ்குமாரின் சித்தப்பா மகள். சொந்த ஊர் ஜலகண்டாபுரம். சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஓர் அறை எடுத்து, புதுப் போன்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு யூடியூபில் வீடியோ போட்டுக்கொண்டிருந்தாள். எது நல்ல படம் எடுக்கும், எது எத்தனை மணி நேரம் தாங்கும், எதில் காசு வீண் என்று சொல்வாள். எட்டு நாட்களுக்கு முன் போனை அறையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?"

"மேஜர் பொண்ணு, முந்தாநாள்கூட வீடியோ போட்டிருக்கா, அப்புறம் என்னங்கறாங்க." எழுந்துகொண்டார். "எடம் தெரிஞ்சா எனக்கு மட்டும் சொல்லுங்க மேடம். நேர்ல பார்த்துப் பேச வேண்டாம். பயந்து ஓடிருவா. இன்னைக்குள்ள முடியுமுங்களா?"

"முயற்சி பண்றோம்."

"இன்னைக்குள்ள முடிஞ்சா நல்லதுங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். கீழே பல் மருத்துவமனை வாசலில் நின்ற சாம்பல் நிறக் கார் அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் போய் மறைந்தது.

வேல்முருகன் சன்னலிலிருந்து திரும்பினார். பதினொரு வருடம் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டியவர். முதுகு வலிக்குப் பயந்து லாரியை விட்டுவிட்டு, இப்போது எங்கள் பழைய ஆம்னி வேனையும் என்னையும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்க அம்மணி, தங்கச்சியக் காணோம்னு வந்த மனுசன் தங்கச்சியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியே. சாப்பிட்டாளோ, தூங்கினாளோன்னு ஒண்ணுமில்ல. லோடு எப்ப எறங்கும்னு கேக்கற மாதிரி கேட்டுட்டுப் போறாப்ல."

"வருத்தத்துல இருக்கறவங்க எல்லாரும் அழணுமாண்ணா?"

நேற்று ரமேஷ்குமார் முதல்முறை வந்தபோதே எல்லாவற்றையும் சரிபார்த்திருந்தேன். ஆதார், குடும்பப் புகைப்படம், மோனிஷாவின் அம்மா கந்தம்மாளின் கையெழுத்து. உறவு உண்மை. ஜலகண்டாபுரத்தில் விசைத்தறிப் பட்டறை வைத்திருப்பதும் உண்மை. மோனிஷாவின் அறையில் கிடைத்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தையும் அவர்தான் தந்திருந்தார். அதில் இருந்ததெல்லாம் பேட்டரிக் கணக்கு. ஒவ்வொரு போனும் மணிக்கு எத்தனை சதவீதம் இறங்கியது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

கணினியில் அவளுடைய கடைசி வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். 'ஒரே போன், ரெண்டு ஆயுள்' என்று தலைப்பு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே விலை. இரண்டு போன்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே படத்தை ஓடவிட்டிருந்தாள். செவ்வாய் இரவு எட்டு மணிக்குத் தொடக்கம். பதினான்கு மணி நேரத்தை ஒன்பது நிமிடமாகச் சுருக்கியிருந்தாள். முதல் போன் ஐந்து மணி பத்து நிமிடத்தில் அணைந்துவிட்டது. இரண்டாவது மறுநாள் காலை பத்து வரை ஓடியது. 'இந்த முதல் போன் எங்கிருந்து வந்ததுன்னு அடுத்த வீடியோவுல சொல்றேன்' என்று அவள் குரல் முடிந்தது.

"சஸ்பென்ஸ் வைக்கறா பாருங்க. பொழைச்சுக்குவா," என்றார் வேல்முருகன்.

"போனைப் பார்க்காதீங்கண்ணா. பின்னாடி சன்னலைப் பாருங்க."

சன்னலுக்கு வெளியே இருட்டு. மேசையில் இருந்த கடிகாரம் நான்கைத் தொட்ட நொடியில், வெளியே ஒரே வீச்சில் வெள்ளை வெளிச்சம்.

"இதென்ன, சூரியனுக்கு எவன் சுவிச்சு போட்டான்?" என்றவர் சட்டென்று முன்னால் குனிந்தார். "அட! கோழிப்பண்ணைங்க அம்மணி. முட்டைக் கோழிக்கு வெளிச்சம் கொறஞ்சா முட்டையும் கொறஞ்சிரும். அதுக்குத்தான் டைமர் வெச்சு நாலு மணிக்கே லைட்டப் போட்டிருவாங்க. எங்க நாமக்கல்லுல கோழி எந்திரிச்ச பொறவுதான் சூரியன் எந்திரிக்கும்."

"நாமக்கல்லுல எத்தனை பண்ணை இருக்கும்?"

"எண்ணி முடிக்கறதுக்குள்ள உங்களுக்குக் கல்யாணமாகிப் பேரன் வந்திருவான்."

அதற்கும் வீடியோவிலேயே வழி இருந்தது. அணைந்துபோன முதல் போனை அவள் காலையில் சார்ஜில் போட்டிருந்தாள். சரியாக ஒன்பது மணிக்குச் சார்ஜ் ஏறும் குறி மறைந்தது. கடிகாரத்தின்படி ஒரே நிமிடத்தில் திரும்ப வந்தது. புதன்கிழமை, காலை ஒன்பது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரன்ட்டை நிறுத்தும் நேரம். ஒரு நிமிடத்தில் திரும்பக் கொடுத்தது ஜெனரேட்டர். பழைய செய்தித்தாளை எடுத்து அந்தப் புதன்கிழமையின் மின்தடைப் பட்டியலைப் பார்த்தேன். நாமக்கல் மாவட்டத்தில் அன்று ஒரே ஒரு துணை மின்நிலையம். புதன்சந்தையைச் சுற்றிய சில ஊர்கள்.

"அங்க அவ்வளவு பெரிய ஜெனரேட்டர் போட்டுத் தீவனம் அரைக்கற பண்ணை மூணோ நாலோதான்," என்று வேன் சாவியை எடுத்தார் வேல்முருகன்.

9.30-க்குப் புறப்பட்டோம். சார்ஜ் 68.

வழி நெடுகப் போன்களைப் பற்றித்தான் பேச்சு. வேல்முருகனின் போன் செங்கல் கனம். ஏழாயிரம் எம்ஏஎச் பேட்டரி. மோனிஷாவின் போனைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது மாப்பிள்ளை மாதிரி. பார்க்க நல்லாயிருக்கும், மத்தியானத்துக்கு மேல படுத்துக்கும். என்னுது மாடு. போட்டோ எடுத்தா என்ற சம்சாரம் அவங்கம்மா மாதிரி தெரியறா. ஆனா மூணு நாள் நிக்கும்."

"ரெண்டும் இருக்கற போன் கிடையாதா?"

"இருக்குதுங்க. அதை வாங்கறதுக்கு இந்த வேனை விக்கணும்."

முதல் பண்ணையில் அப்படி யாரும் இல்லை. இரண்டாவது பண்ணையில் விசாரித்துவிட்டுத் திரும்பும்போது 10.30. சார்ஜ் 60. வேனில் ஏறி உட்கார்ந்தபோது, இருக்கையில் குப்புறக் கிடந்த மோனிஷாவின் போனிலிருந்து வெள்ளை வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. மெல்லிய மணியும் கூடவே. திருப்பினேன். திரையில் 'அம்மா'.

"சாமி, நான் மோனிஷாவோட அம்மாங்க." நடுங்கும் குரல். "ஒருவேளை அவளே எடுத்திருவாளோன்னு நெனச்சேன். அவ போனு உங்ககிட்டத்தான் இருக்குதுங்களா?"

"எங்கிட்டத்தான் இருக்குங்கம்மா."

"ரமேசுதாங்க அடிச்சுக் கேக்கச் சொன்னான். புள்ளயப் பார்த்தா திட்டிராதீங்க சாமி. அவ சின்னதுலருந்தே யாரும் சத்தம் போட்டா சாப்பிட மாட்டா."

வைத்துவிட்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க அம்மணி?"

"இந்த லைட் ஏன் அடிச்சதுண்ணா?"

"போன் வந்தா பிளாஷ் அடிக்கும். நெறைய பேரு வெச்சிருக்காங்களே."

"எங்கப்பா வெச்சிருக்கார். குமாரபாளையத்துல எங்க தெருவுல எல்லாருமே வெச்சிருக்காங்க. தறி ஓடற சத்தத்துல மணி கேக்காது. தரையே அதிரும், அதனால வைப்ரேஷனும் தெரியாது. வெளிச்சம் ஒண்ணுதான் தெரியும். புதுப் போன் வாங்கினா தறிக்காரர் முதல்ல இதைத்தான் போடுவார். ஆனா மோனிஷா போட மாட்டா. நேத்து அவளோட பத்து வீடியோ பார்த்தேன். எந்தப் போன் வந்தாலும் முதல்ல பிளாஷை அணைச்சிருவேன், வீணா சார்ஜ் குடிக்கும்னு மூணு வீடியோவுல சொல்றா."

வேல்முருகன் வண்டியை எடுக்கவில்லை. "தொறக்கற நம்பர் ஒருத்தருக்கும் தெரியாதுன்னாரே. பூட்டுன போனுக்குள்ள பூந்து இதை எவன் போட்டான்?"

அதைத்தான் நானும் நினைத்தேன். ஆனால் உடனே சந்தேகமும் வந்தது. ஏதோ ஒருநாள் தறிப் பட்டறைக்குப் போனபோது அவளே போட்டிருக்கலாம். ஒரு சின்ன வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைப் பொய்யன் என்று எப்படிச் சொல்வது? "அடுத்த பண்ணைக்குப் போலாம்," என்றேன்.

அடுத்த பண்ணைக்குத் திரும்பும் மண் பாதை நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டீக்கடையை ஒட்டிப் போனது. வேல்முருகன் டீ சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"பண்ணையில புதுசா ஒரு பொண்ணு வந்திருக்குதாமா? கண்ணாடி போட்டிருக்கும்."

"அத்தாயி ஊட்டுக்கு வந்த புள்ளையா? ஒரு வாரமா இருக்குதுங்களே. வெளிய தலை காட்டாது. தொணைக்கு வந்திருக்கும்ங்க, பாவம். அத்தாயி புருசன் மாரியப்பன் ரெண்டு மாசம் முந்திச் செத்துப்போனானே. தறி வேலைக்குப் போன எடத்துல கேஸ் சிலிண்டர் வெடிச்சு."

"எந்த ஊர்ல?" என்றேன்.

"ஜலகண்டாபுரத்துலங்க."

டீ கிளாஸைப் பலகையில் வைத்தேன். மணி 11.30. போன் திரையைத் தட்டினேன். 52.

என் நோட்டில் இருந்த எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. 76, 68, 60, 52. காலையிலிருந்து இந்தப் போனை யாரும் பயன்படுத்தவில்லை. ஒரே ஒரு அழைப்பு, அதுவும் ஒரு நிமிடம். மோனிஷாவின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். இதே மாடல், அவளுடைய சொந்தப் போன், போன மாதம் எழுதியது: 'சிம் ஆன், திரை ஆஃப், சும்மா வைத்தால் எட்டு மணி நேரத்தில் ஐந்து சதவீதம்.'

எட்டு மணி நேரத்தில் ஐந்து. என் கையில் மூன்று மணி நேரத்தில் இருபத்து நான்கு.

வெயில் காரணமாக இருக்கலாம். வழியில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைத்தது காரணமாக இருக்கலாம். இப்படி இரண்டு சமாதானம் தேடிய பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அங்கே இன்னொரு கட்டம் இருந்தது: 'லொகேஷன் ஷேரிங் ஓடினால், மணிக்கு எட்டு.'

புத்தகத்தை வேல்முருகனிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"நாம போற எடமெல்லாம் அவனுக்குத் தெரியுது," என்றார். முதன்முறையாக அவர் குரலில் கேலி இல்லை.

"அவளைத் தேட வழி தெரியாம நம்மகிட்ட வரலைண்ணா. அவகிட்ட அவனைக் கூட்டிட்டுப் போறதுக்கு நம்மள வாடகைக்கு எடுத்திருக்கான். எட்டு நாளா இந்தப் போனைத் தறிப் பட்டறையில வெச்சுட்டு, யார் கூப்பிடுவாங்கன்னு காத்துட்டிருந்திருக்கான். சத்தத்துல கேக்காதுன்னு கை தானா பிளாஷைப் போட்டிருக்கு. போட்டதே அவனுக்கு நெனப்பிருக்காது."

"அணைச்சுக் கெணத்துல போட்டர்றனுங்க."

"வேண்டாம். அணைச்சா, கடைசியா எங்க இருந்ததோ அங்க வருவான். இங்க."

மண் பாதையின் முடிவில் பண்ணையின் தகரக் கூரைகள் தெரிந்தன. அரை கிலோமீட்டர்கூட இல்லை. டீக்கு நிற்காவிட்டால் இந்நேரம் அந்தப் பாதையில் திரும்பியிருப்போம்.

நாங்கள் திரும்பவில்லை. நெடுஞ்சாலையிலேயே நேராக மூன்று கிலோமீட்டர் போய், ஒரு முட்டைக் குடோனுக்குள் வேனை விட்டோம். நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை. குடோன் சுவர் ஓட்டை வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம். இருபது நிமிடம். அத்தனையும் என் பயம்தான், கணக்குத் தப்பு என்று நினைக்கத் தொடங்கியபோது, ஒரு சாம்பல் நிறக் கார் மெதுவாக வந்து, இருநூறு மீட்டர் தள்ளிப் புளியமரத்தடியில் நின்றது. யாரும் இறங்கவில்லை.

குடோனில் ஒரு லாரி முட்டை அட்டைகளை ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கதிர்வேல், வேல்முருகனின் பழைய கூட்டாளி.

"எங்கடா லோடு?"

"பாலக்காடுங்க மாமா. சேலம் பைபாஸ் போய்ச் சங்ககிரி வழியா."

"இந்தப் போனை அட்டைக்கு நடுவுல வெச்சு எடுத்துட்டுப் போ. மணி அடிச்சா தொடாதே. அங்க போய்ச் சேர்ந்துட்டு எனக்குச் சொல்லு."

"யாரு போனு? ஏதாச்சும் வில்லங்கமா?"

"வில்லங்கம் பின்னாடி கார்ல வரும். உனக்கொண்ணும் ஆகாது, அதுக்கு முட்டை வேண்டாம். வழியில எங்கயும் நிறுத்தாம மட்டும் போ."

12.30. சார்ஜ் 44. லாரி வாசலைக் கடந்து சேலம் திசையில் திரும்பியது. நாங்கள் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் நின்றோம். இரண்டு நிமிடம் கழித்துக் கார் கிளம்பி, திரும்பி, குடோன் வாசலைக் கடந்தது. ரமேஷ்குமார் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கண் சாலையில் இல்லை, முன்னால் மாட்டியிருந்த போனில் இருந்தது. நின்ற வேனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

பின் இருக்கையில் ஒரு பெண்மணி. மடியில் ஒயர் கூடை, அதற்குள் தூக்குப்போசி. குடும்பப் புகைப்படத்தில் பார்த்த முகம். கந்தம்மாள்.

"மகளுக்குச் சோறு கட்டிட்டு வந்திருக்காங்க," என்றார் வேல்முருகன் மெதுவாக. "அம்மா கூப்பிட்டா புள்ள கதவத் தொறக்கும். அதுக்காக."

கணக்குப் போட்டேன். 44-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தரை மணி நேரம். மாலை ஆறு வரை அந்தப் போன் அவனை இழுத்துக்கொண்டு போகும்.

பண்ணையின் பின்புறம் வேலையாட்களுக்கான வரிசை வீடுகள். கடைசிக் கதவைத் தட்டினேன். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி திறந்தாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட மோனிஷா, கையில் அரிவாள்மணையோடு நின்றாள்.

"நாங்க உங்க அண்ணன் அனுப்பின ஆளுங்க," என்று உண்மையைச் சொன்னேன். "இப்ப அவருக்காக வரலை."

நடந்ததை வரிசையாகச் சொன்னேன். பிளாஷ், 76, 68, 60, 52, லாரி. அவள் கேட்டுக்கொண்டே அரிவாள்மணையைக் கீழே வைத்தாள். பிறகு அவள் பக்கத்துக் கதையைச் சொன்னாள். ரமேஷ்குமாரின் பட்டறையில் முன்பக்கம் பன்னிரண்டு தறி ஓடும். பின்பக்க அறையில், பழைய போன்களின் பேட்டரியைப் புதுப் போன்களுக்குள் மாற்றி, புதுசு என்று பெட்டி போட்டு விற்பார்கள். தறிச் சத்தத்தில் அங்கே நடப்பது தெருவுக்குத் தெரியாது. மாரியப்பன் அங்கேதான் வேலை பார்த்தான். ஒருநாள் உப்பிய பேட்டரிகள் தீப்பிடித்தன. கதவு வெளியே பூட்டியிருந்தது.

"சத்தம் போட்டிருப்பார்," என்றாள் மோனிஷா. "தறி ஓடிட்டிருந்தது. யாருக்கும் கேக்கலை. பொறவு அங்க ஒரு சிலிண்டரைக் கொண்டுவந்து போட்டாங்க. எனக்கு இது எதுவும் தெரியாது. நான் வெறும் ரெண்டு போனை ஒப்பிட்டேன். ஒண்ணு ஏன் அஞ்சு மணி நேரத்துல சாகுதுன்னு தேடிட்டுப் போனேன். அது எங்க பெரியப்பா ஊட்டுல கொண்டுபோய் விட்டுச்சு."

"போலீஸ்ல சொல்லலியா?"

மோனிஷா அத்தாயியைப் பார்த்தாள். அத்தாயி சுவரைப் பார்த்தாள். "சிலிண்டர்தான் வெடிச்சுதுன்னு நாந்தானுங்க கையெழுத்துப் போட்டேன்," என்றாள். "ரெண்டு புள்ளைங்க இருக்குது, யோசிச்சுக்கன்னு சொன்னான். யோசிச்சேன். எட்டு நாளா இந்தப் புள்ள எங்கூட மல்லுக்கட்டுது. நான் வரமாட்டேன்னுட்டேன்."

"இவங்ககிட்டப் பேச இன்னும் நேரம் இருக்கு," என்றேன். "ஆறு மணி வரைக்கும் அவர் லாரி பின்னாடிதான் போவார். நாற்பத்து நாலு சதவீதம் இருந்தது."

மோனிஷாவின் முகம் மாறியது. "எட்டால வகுத்தீங்களா?"

"ஆமா."

"அது தப்புங்க. அந்த மாடல் பதினஞ்சுக்கு வந்ததும் தானா பவர் சேவிங்குக்குப் போயிடும். பேட்டரியைக் காப்பாத்தறேன்னு முதல்ல லொகேஷனைத்தான் நிறுத்தும். அந்தப் போன்ல எனக்குப் பிடிச்சதே அதுதான்." விரல்களில் எண்ணினாள். "இருபத்தொம்பது சதவீதம். மூணரை மணி நேரம். நாலு மணிக்குப் புள்ளி நின்னுடும். அவன் லாரியை மறிச்சுப் பார்ப்பான்."

என் கணக்கில் தப்பு. அதிலும் இரண்டு மணி நேரத் தப்பு. போலீஸுக்குப் போனதாக ரமேஷ்குமார் சொன்னதை நான் சரிபார்க்கவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. உறவைச் சரிபார்த்தேன், தேடும் காரணத்தைச் சரிபார்க்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்லாமல் இருந்தேன். சொன்னால் அவள் தானாகவே அவனிடம் போய்விடுவாள். சொல்லாவிட்டால் நானும் அவனைப் போல ஒருத்தி.

"மோனிஷா, அந்தக் கார்ல உங்க அம்மா இருக்காங்க."

அவள் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "அவனை நம்பித்தான் போயிருப்பாங்க," என்றாள். "லாரியில நான் இல்லைன்னு தெரிஞ்சதும் என்ன பண்ணுவான்?"

வெளியே கோழிகளின் சத்தம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

அத்தாயி எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"எங்க போறீங்க?" என்றாள் மோனிஷா.

"நீ மட்டும் போய்ச் சொன்னா, பொண்டாட்டியே சிலிண்டர்னு எழுதிக் குடுத்திருக்கான்னு காட்டுவாங்க. நான் வந்து அது பொய்யின்னு சொல்லோணும்." சாவியை முந்தானையில் முடிந்தாள். "உங்கம்மாளும் என்னை மாதிரித்தான், அவன் சொல்லுக்குத் தலையாட்டிட்டு உக்கோந்திருக்கா. வண்டிய எடுங்க சாமி."

வேல்முருகன் ஏற்கெனவே எடுத்திருந்தார். நாமக்கல் எஸ்.பி. அலுவலகத்துக்கு அரை மணி நேரம். வாக்குமூலம், விலாசம், கார் எண், லாரி எண் என்று சொல்ல வேண்டியதை வரிசைப்படி எழுதிக்கொண்டே வந்தேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. நான்கு மணிக்குள் யாராவது அந்தக் காரை நிறுத்த வேண்டும்.

1.10-க்கு என் சொந்தப் போன் அடித்தது. ரமேஷ்குமார்.

வேல்முருகன் வேனை ஓரம் கட்டினார். எடுக்காவிட்டால் சந்தேகப்படுவான். எடுத்தேன்.

"மேடம், எங்க இருக்கீங்க?" சாதாரணமான, மரியாதையான குரல்.

கதிர்வேலின் லாரி இந்நேரம் எங்கே போயிருக்கும்? போனைப் பொத்திக்கொண்டு வேல்முருகனைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடினார். லோடு, வேகம், மேடு எல்லாவற்றையும் ஒரு நொடியில் ஓட்டிப் பார்த்துவிட்டு என் காதில் முணுமுணுத்தார்: "மல்லூர். ஏத்தத்துல இருக்கும்."

"மல்லூர் பக்கத்துல வந்துட்டிருக்கோம் சார். புதன்சந்தையில இல்லை. சங்ககிரி தாண்டி ஒரு இடம் சொல்றாங்க."

மறுமுனையில் கார் வேகம் குறைந்தது; திரையில் புள்ளியைச் சரிபார்க்கிறார் போல.

"சரியாச் சொல்றீங்க மேடம்," என்றார் ரமேஷ்குமார். சிரிப்பது போலிருந்தது. "ரொம்பச் சரியாச் சொல்றீங்க. பார்த்துப் போங்க."

அவருக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் குறுக்கிட்டது. "தேடிப் போன அந்தப் புள்ளையா ரமேசு? எங்கிட்டக் குடு. சாமி, எம் மகள் கெடைச்சுட்டாளுங்களா?"

என் பக்கத்தில் மோனிஷா இரண்டு கைகளாலும் தன் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அத்தாயி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னும் இல்லைங்கம்மா," என்றேன்.